வெள்ளை வந்தால் உத்தரவு

1

ஹாமில்டனில் மே மாதம் பிறந்தால் மூடுபனியும் கூடவே பிறந்துவிடும். கோயமுத்தூரில் நீங்கள் கத்திரி வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே காலையில் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். நியூசிலாந்தில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வைகாசியில் குளிரக்கூடாது என்று என் உடம்புக்கு இன்னும் ஒரு பிடிவாதம் இருக்கிறது.

இந்த மாதத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை வாசலில் குளிர்கால ஊசிக்கான பலகையை வைப்பார்கள். சளிக்காய்ச்சலுக்கு ஒரு கையில், கொரோனாவுக்கு இன்னொரு கையில். ஊரில் நீங்கள் எல்லோரும் கொரோனாவை மறந்தே போயிருப்பீர்கள். இங்கே வயதானவர்களுக்கு இன்னும் போடுகிறார்கள். என் அம்மா அந்தப் பலகையைப் பார்த்த அன்றே வீட்டுக்கு வந்து, கை தளர்வான ஜாக்கெட்டைத் தேடி எடுத்து வைத்துவிடுவார்.

மருந்துக்கடைக்காரர் வரிசையாகக் கேட்பார். ஒவ்வாமை உண்டா, இன்று காய்ச்சல் இருக்கிறதா, முன்பு போட்டபோது ஏதாவது ஆனதா. நான் தமிழில் சொல்வேன். அம்மா எல்லாவற்றுக்கும் அவரைப் பார்த்து, "சரிங்க" என்பார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் சரிங்கதான். அதிலிருந்து இல்லையைப் பிரித்தெடுத்து ஆங்கிலத்தில் கொடுப்பது என் வேலை. கடைசியாக, உங்கள் அம்மாவுக்கு என்னிடம் கேட்க ஏதாவது கேள்வி இருக்கிறதா என்பார் அவர். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கையை நீட்டிவிடுவார்.

அந்தச் சரிங்க வெளியாட்களுக்கானது. டாக்டர், பஸ் கண்டக்டர், பாங்கு மேனேஜர், விசா அதிகாரி என்று யாருக்கு முன்னால் கைகட்டி நிற்கிறாரோ அவர்களுக்கு. எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. நான் அம்மாவுக்குக் கண்ணு. கோபம் வந்தால் அம்மணி.

ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசிக்குக் கை நீட்டும் அம்மாவைப் பார்த்து எனக்குப் பெருமைதான் இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. அண்ணன் போன பிறகு, அம்மா என்றைக்காவது என் முகத்தைப் பார்த்து, "ஊசி போட்டிருந்தா அவன் பொழைச்சிருப்பானா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்து வருடக்கணக்காக நாக்கின் அடியில் வைத்திருந்தேன்.

2

பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் பி.ஃபார்ம் படித்து, காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றவள் நான். இங்கே வந்து பட்டத்தைக் காட்டினேன். அது உண்மையான பட்டம்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்தால் ஆங்கிலத் தேர்வு என்றார்கள். அதைத் தாண்டினால் இன்னொரு தேர்வு. அதற்குள் என் மகள் மேகா வயிற்றில் வந்துவிட்டாள். போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். பிறகு தொற்றுக் காலம் வந்தபோது, ஊசி பற்றிப் பொதுமக்கள் போன் செய்து கேட்கும் சேவைக்கு, மருந்தும் தெரிந்து இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தேடினார்கள். மருந்தைத் தொட உரிமையில்லாத எனக்கு மருந்தைப் பற்றிப் பேச உரிமை கிடைத்தது.

காதில் ஹெட்போனை மாட்டினால் கேள்விகள்தான். ஊசி போட்ட மறுநாள் விடியற்காலை மாடு கறக்கலாமா என்று பண்ணைக்காரர் கேட்பார். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, போடலாமா என்று ஒரு பெண் குரல் நடுங்கக் கேட்பாள். சோதனையில் இல்லை என்று வந்துவிட்டது, அப்படியானால் உண்மையிலேயே இல்லைதானே என்பார்கள். ஊசிக்குள் சிப் வைத்திருக்கிறார்களா என்று ஒருவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். துணி முகக்கவசத்தை எப்படித் துவைப்பது என்று வாரம் தவறாமல் கேட்கும் தாத்தா ஒருவர் இருந்தார். அவருக்கு முகக்கவசம் ஒரு சாக்கு, பேச ஆள் வேண்டும். நானும் வாரம் தவறாமல் சொன்னேன்.

எங்களுக்கு இரண்டு விதிகள். ஒன்று, தனி ஒருவருக்கு என்ன ஆகும் என்று ஜோசியம் சொல்லக்கூடாது. பலபேருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு, ஒருவர் பேசுவதை மொழிபெயர்த்தால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்கள் சொந்த ஊரான அன்னூரிலிருந்து வாட்ஸப்பில் குரல்செய்திகள் காத்திருக்கும். என் தொழில் அங்கேயும் தெரிந்துபோயிருந்தது. "ஏனுங்க அம்மணி, ஊசியப் போட்டுப்போட்டுக் கறி திங்கலாமுங்களா?" என்று பால்காரர் கேட்பார். தலைக்குத் தண்ணி ஊற்றலாமா, சக்கரை இருந்தால் போடலாமா, காய்ச்சலோடு போய் நிற்கலாமா என்று மற்றவர்கள். காய்ச்சல் விடட்டும், மற்றபடி எல்லாம் செய்யலாம், கறியும் தின்னலாம் என்று சளைக்காமல் சொன்னேன்.

கேள்வி கேட்பவர்களை நான் கேலி செய்ததில்லை. கேட்கிறவன் இன்றில்லாவிட்டால் நாளைக்குப் போய்ப் போட்டுக்கொள்வான். ஒன்றுமே கேட்காமல் "ஆகட்டுங்க" என்கிறவன்தான் போடமாட்டான். நம் பக்கத்தில் மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொன்னால் அது ஆகட்டுங்க.

3

அண்ணன் பெயர் பாலு. கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தான். பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பான். இடது கால் சூம்பியிருக்கும். அந்தக் காலை ஊன்றி நாளெல்லாம் நிற்க முடியாது என்று தானே ஓர் உயரமான இரும்பு முக்காலி செய்துகொண்டு, அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வேலை பார்ப்பான். அன்னூரிலிருந்து பட்டறைக்குப் பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் வருவான். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. நம் பக்கத்தில் இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனுக்கே பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் வீட்டில் அம்மாவும் அவனும்தான்.

அந்தக் கால் பிறவியில் வந்ததல்ல. நடக்கப் பழகியிருந்த குழந்தைக்கு ஒருமுறை கடும் காய்ச்சல். அம்மாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இருந்த டாக்டரிடம் ஓடினார். அவர் இடுப்பில் ஓர் ஊசி போட்டார். காய்ச்சல் விட்டது. ஆனால் எழுந்து நிற்க வைத்தால் ஒரு கால் துணிபோல மடங்கியது.

இளம்பிள்ளைவாதக் கிருமி ஏற்கனவே உடம்பில் இருந்திருக்கும் என்று நான் படித்த பிறகு அம்மாவிடம் விளக்கினேன். அந்த நேரத்தில் போட்ட ஊசி காலைக் கொஞ்சம் கூடுதலாகப் பாதித்திருக்கலாம், ஆனால் நோய் ஊசியால் வந்ததில்லை, சொட்டு மருந்து ஒழுங்காகக் கிடைத்திருந்தால் வந்தே இருக்காது என்றேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "எம்பையன நாந்தான கண்ணு தூக்கிட்டுப் போனேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. அதன் பிறகு அண்ணனுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் கசாயம், மாத்திரை, விபூதி. ஊசி என்றால் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

தனக்கு என்றால் அந்தப் பயமெல்லாம் கிடையாது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் போட்டபோது, அன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவதையும் போட்டுக்கொண்டார். "எனக்கென்ன, போற வயசு" என்று சிரித்தார்.

4

பிறகு நாற்பத்தைந்துக்கு மேல் உள்ளவர்களுக்கும் போடலாம் என்று வந்தது. அண்ணன் அந்த வயதைத் தாண்டியிருந்தான். பட்டறைக்காரர்களுக்கு முகாம் நடத்தப்போகிறார்கள், நான் பேர் கொடுத்துவிட்டேன் என்று அவனே போனில் சொன்னான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா மட்டும், பூக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சொன்னாராம்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் குழம்பக்கூடாது என்று சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் சுற்றி, எது எதுவென்று தெரியாமல் எங்கள் ஊர் அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் பூசாரியான பண்டாரம் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் எடுப்பதற்கு, கிணறு வெட்டுவதற்கு, போர் போடுவதற்கு என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறார்கள். நான் கடல் தாண்டிப் போகலாமா என்றும் கேட்டார்கள். வெள்ளை வந்தது. ஆத்தா கொடுத்த விசாவில்தான் நான் இங்கே வந்தேன் என்று என் கணவர் இன்னும் கிண்டல் செய்வார்.

அப்போது கோயில்களில் கூட்டம் சேரக்கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். பண்டாரம் மட்டும் போய் விளக்கேற்றிப் பூசை செய்துவிட்டு வருவார். அண்ணனுக்குப் பட்டறையில் அவசர வேலை. அம்மா பண்டாரத்தைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, தான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"செவப்பு வந்துருச்சாமா அம்மணி" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. லேத்துக்குப் புது பெல்ட் மாட்டுவதற்குப் பூக் கேட்கிறீர்களா, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடக் கேட்கிறீர்களா என்று கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதா அம்மணி. ஆனா அம்மா அழுவறாங்க. ஆத்தா வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் நாம்போயிப் போட்டு, ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவங்க தாங்கமாட்டாங்க. கொஞ்ச நாள் போவட்டும். மறுக்காக் கேட்டுக்கலாம்" என்றான்.

அம்மாவிடம் பேசினேன். எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். அந்நிய நாட்டில் முகம் தெரியாத எத்தனையோ பேரை அந்தக் குரலால் ஊசிக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "ஆகட்டும் கண்ணு, பாக்கலாம்" என்றார்.

5

அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கியபோது ஊரே இருமிக்கொண்டிருந்தது. சோதனைக்குப் போனான். மூக்கில் குச்சி விட்டு எடுத்து அனுப்பினார்கள். இல்லை என்று முடிவு வந்தது. "நெகட்டிவ் அம்மணி, சாதாக் காய்ச்சல்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னான். வேலையில் தினமும் என் காதில் விழும் கேள்விதான் இது. அறிகுறி இருந்தால் முடிவை நம்பாதீர்கள், இருப்பதாகவே நினைத்து ஒதுங்கியிருங்கள், மறுபடி எடுங்கள். அவனிடமும் அதையே சொன்னேன். இதை மட்டும் கேட்டான். அம்மாவுக்கு ஒட்டிவிடக்கூடாது என்று பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். ஆனால் அதற்குள் அம்மாவுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு ஊசி போட்ட அந்த எழுபது வயது உடம்புக்கு அது சாதாச் சளியாக வந்து போனது.

அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள், நுரையீரல் வெளுத்துக்கிடந்தது. படுக்கை கிடைக்கவில்லை. ஆம்புலன்சுகள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றன, அதில் ஒன்றில் அவன். பிறகு படுக்கை கிடைத்தது. ஆக்சிஜன் குழாயோடு ஒருமுறை வீடியோவில் வந்தான். பேச முடியவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்குக் கிடைத்த கடைசிப் பதில் அதுதான்.

நான் போகவில்லை. போகலாம், திரும்பி வர வழியில்லை. தனிமைப்படுத்தும் விடுதியில் அறை கிடைத்தால்தான் இந்த நாட்டுக்குள் விடுவார்கள். அந்த அறைக்கு இணையத்தில் வரிசை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன், என் முறை வருவதற்குள் அறைகள் தீர்ந்துவிட்டன என்று வரும். பங்காளி முறையில் ஒருவர் மயானத்திலிருந்து போனைப் பிடித்துக் காட்டினார். வெள்ளை உடை போட்ட சிலர் ஒரு பொட்டலத்தை உள்ளே தள்ளினார்கள். அது அண்ணன்தான் என்று அவர்கள் சொன்னதால் எனக்குத் தெரியும்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பார்கள் நம் ஊரில். எழவு வீட்டுக்கு வருகிறவர் இரண்டு கையையும் நீட்டுவார், இழந்தவர் அந்தக் கையைத் தொடுவார். பேச்சு வேண்டியதில்லை. ஊரில் யார் வீட்டு எழவையும் தவறவிடாத என் அம்மாவின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வாசலில் தகரம் அடித்து மறித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார்கள். அம்மா தகரத்துக்கு இந்தப் பக்கம், நீட்ட யாருமில்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒதுங்கியிருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நானேதான்.

சில நாள் விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். முதல் அழைப்பில் ஒருவர் கேட்டார், இந்த ஊசியால் யாராவது செத்திருக்கிறார்களா என்று. மிக மிக அரிது என்று சொல்லி, தெரிந்ததை விளக்கினேன். நன்றி, நீங்கள் மிகவும் நிதானமாகப் பேசுகிறீர்கள் என்றார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

6

எல்லைகள் திறந்த பிறகு அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அது ஒரு தனிக்கதை. மார்புப் படம், ரத்தப் பரிசோதனை, என் சம்பளச் சான்று, அம்மாதான் என் அம்மா என்பதற்குச் சான்று. என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் எழுதி வாங்கினோம். பட்டறையைக் காலி செய்தோம். அந்த இரும்பு முக்காலியை எடைக்குப் போட அம்மா விடவில்லை. பூட்டிய அன்னூர் வீட்டுக்குள் கிடக்கிறது.

அம்மா கொண்டு வந்த பெட்டியில் முருகன் இருந்தார், பிள்ளையார் இருந்தார், அண்ணன் படம் இருந்தது. எங்கள் சமையலறைச் சுவரில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தொங்கிய ஆத்தா படம் மட்டும் இல்லை. சிவப்புக் கொடுத்தவள்மேல் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது, எனக்கும் அதே கோபம். ஒருநாள் சாப்பிடும்போது வாய் விட்டுச் சொல்லியும்விட்டேன், அந்த ஆத்தாதானே அண்ணனைக் கொண்டுபோனாள் என்று. அம்மா சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஆத்தாளச் சொல்லாத அம்மணி" என்றார். அன்று அதற்குமேல் சாப்பிடவில்லை.

அம்மாவும் மேகாவும் ஒரே வீட்டில் இரண்டு தீவாக இருந்தார்கள். மேகாவுக்குப் பதினாறு வயது. சாப்பிடு, தூங்கு, செருப்பைக் கழற்று என்ற அளவுக்குத் தமிழ் புரியும். பாட்டியை அம்மிச்சி என்று கூப்பிடுவாள், அதற்குமேல் போக வார்த்தை இருக்காது. மாமா ஒருவர் இருந்தார், கொரோனாவில் இறந்துவிட்டார் என்பது தெரியும். சின்ன வயதில் அவர் அனுப்பிய இரும்புப் பம்பரம் ஒன்று அவள் அலமாரியில் இருக்கிறது. அவளுக்கு அண்ணன் அவ்வளவுதான். இதில் அவள்மீது எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

7

இந்த மே மாதம் மேகாவின் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு பெரியவரைப் பேட்டி காண வேண்டும். கேள்விகளை ஆசிரியரே கொடுத்திருந்தார். நாங்கள் தூக்கமில்லாமல் கடந்த காலம் அதற்குள் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடமாகிவிட்டது. அவள் என்னைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மிச்சியிடம் கேட்கிறேன், நீ மொழிபெயர்த்தால் போதும் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மேகா போனை நடுவில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். காலையில்தான் அம்மா ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார், கையில் இன்னும் அந்தச் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. போனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதிகாரி முன்னால் உட்கார்வது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முகக்கவசம் போட்டீர்களா? போட்டேன். கடைகள் திறந்திருந்தனவா? காலையில் கொஞ்ச நேரம். சோதனை செய்துகொண்டீர்களா? மூக்கில் குச்சி விட்டார்கள், தும்மல் வந்தது. மேகா சிரித்தாள், அம்மாவும் சிரித்தார். ஊசி போட்டுக்கொண்டீர்களா? முதல் ஆளாகப் போட்டேன். குடும்பத்தில் யாராவது போடாமல் இருந்தார்களா? நான் மேகாவை முறைத்தேன். அவள் தாளைக் காட்டினாள், அடுத்த கேள்வி அதுதான். வேறு வழியில்லாமல் கேட்டேன். "எம்பையன்" என்றார் அம்மா. ஏன் என்று கேட்டாள். பூக் கேட்டதை அம்மா சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மேகா கண்ணை விரித்துக் கேட்டாள்.

கடைசிக் கேள்வி. இன்றைக்குத் தெரிந்தது அன்றைக்குத் தெரிந்திருந்தால் எதை மாற்றிச் செய்திருப்பீர்கள்?

கேட்டேன். அம்மா கையிலிருந்த பஞ்சை மெதுவாக உரித்து எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மேகாவைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியாம என்ன சாமி. அன்னைக்கே தெரியும். பண்டாரம் பொட்டலத்தப் பிரிச்சாரு. வெள்ளதான் இருந்துச்சு. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. நாந்தான் ஊட்டுக்கு வந்து செவப்புன்னு சொல்லிப்போட்டேன்."

மேகா என் முகத்தைப் பார்த்தாள். அம்மிச்சி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அம்மா நிறுத்தவில்லை.

"வழியெல்லாம் வெள்ளைன்னு சொல்லோணும்னுதான் வந்தேன். வண்டியில இருந்து எறங்கி, அந்தக் கால இழுத்துக்கிட்டு எம்பையன் வாசல்ல நடந்து வந்தான். காலப் பாத்தேன். வாயில வேற வந்துருச்சு."

இத்தனை வருடமும் ஒரு சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூடநம்பிக்கை என் அண்ணனைக் கொன்றது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். ஆத்தா படத்தை அம்மா கொண்டுவராதது கோபத்தால் இல்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியாததால். கேள்வி கேட்காமல் ஒவ்வொரு ஊசிக்கும் கை நீட்டியது நம்பிக்கையால் இல்லை. அவனுக்குப் போட விடாததைத் தன் உடம்பில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மேகா மறுபடி கேட்டாள். கூட்டாதே, குறைக்காதே என்பது விதி. வாயைத் திறந்தேன். சாமி சரி என்றுதான் சொன்னது, நான்தான் என் மகனிடம் பொய் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விதிப்படி 'நான்' என்றே சொன்னேன். மேகா எழுந்து வந்து அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள். எழவுக்குக் கை நீட்டும் வழக்கத்தை நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. அல்லது அம்மாவின் கையைப் பிடிக்கத்தான் நீட்டினாளோ என்னவோ. அம்மா அந்தக் கையைத் தொட்டார்.

தொட்டபடியே என் பக்கம் திரும்பினார்.

"நீ எத்தன பேருக்குப் பதில் சொன்னே. எனக்கும் சொல்லு கண்ணு. போட்டிருந்தா பொழைச்சிருப்பானா?"

நாக்கின் அடியில் அந்தப் பதில் தயாராக இருந்தது. போட்டவர்களும்தான் செத்தார்கள் அம்மா, விதியை யார் கண்டார்கள், நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முழுப் பொய்கூட இல்லை. சொல்லியிருந்தால் அம்மா அன்று தூங்கியிருப்பார். அம்மாவின் மேல் இருந்த பாசத்தில் அது வாய்வரை வந்துவிட்டது. அண்ணனின் காலைப் பார்த்ததும் அம்மாவின் வாய்வரை வந்ததும் அப்படி ஒன்றுதானே என்று நினைத்ததும் அதை விழுங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் பாசத்தால் சொன்ன ஒரு பொய்யே போதும்.

"ஒருத்தரப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றேன். "ஆனா போட்டிருந்தா, அண்ணன் பொழைச்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. விசா அதிகாரியைப் பார்ப்பது போல, மருந்துக்கடைக்காரரைப் பார்ப்பது போல என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிங்க" என்றார்.